இராணிப்பேட்டை – பெங்களூரு டிரெய்லருக்கு 250 குதிரைத்திறன் போதுமா?

வாலாஜா லாரிக்காரர்:
சிப்காட்டிலிருந்து பெங்களூருக்கு இரும்புச் சரக்கு ஏற்றிச் செல்ல, இப்போதுள்ள பன்னிரண்டு சக்கர லாரியை விற்றுவிட்டு 55 டன் டிரெய்லர் வாங்கலாம் என்றிருக்கிறேன். 250, 300 என இரு குதிரைத்திறன்களில் வண்டி கிடைக்கிறது. பெரியதற்குத் தவணை அதிகம். பெரும்பாலும் 28 டன் சரக்குதான் அமைகிறது. எதை எடுக்கலாம்?

ஆம்பூர் பட்டறை:
ஐயா, 55 டன் என்பது வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை. 2018 ஜூலையில்தான் 49 டன்னாக இருந்த வரம்பு இந்த அளவுக்கு உயர்ந்தது. வெறும் வண்டி 15 டன் என்று வைத்தால், உங்கள் மொத்த எடை 43 டன். அப்போது 250 எஞ்சினில் டன்னுக்கு 5.8 குதிரைத்திறன் கிடைக்கிறது. முழு 55 டன்னுடன் ஓடும் 300 எஞ்சினுக்கோ 5.5 கூட இல்லை. அதனால் உங்கள் 28 டன் சரக்குக்கு 250 போதும். வேலூரிலிருந்து பெங்களூருக்கு ஏறத்தாழ 700 மீட்டர் உயரம் ஏற வேண்டும். 43 டன்னை அவ்வளவு தூக்குவதற்கு மட்டும், எந்த எஞ்சினாக இருந்தாலும், சுமார் 20 லிட்டர் டீசல் செலவாகும். பெரிய எஞ்சின் அதைக் குறைக்காது, சீக்கிரம் முடிக்கும், அவ்வளவுதான்.

காட்பாடி ஓட்டுநர்:
கணக்கு சரிதான், ஆனால் கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் பக்கம் ஏறும்போது ஸ்டியரிங் பிடிப்பவன் நான். நூறு மீட்டருக்கு 4 மீட்டர் உயரும் ஏற்றத்தில் 43 டன்னுடன் 250 வண்டி மணிக்கு 29 கிலோமீட்டரும், 300 வண்டி 35 கிலோமீட்டரும் போகும். இரண்டு கிலோமீட்டர் ஏற்றத்தில் மிச்சம் ஒரு நிமிடத்திற்கும் குறைவு என்றாலும், 250 வண்டியில் மிதியை முழுக்க அழுத்தி, வெப்பமானி முள்ளைப் பார்த்தபடியே ஏறும் களைப்பு வேறு. இன்னொன்று: எஞ்சின் பெரிதென்று கூடுதல் லோடு ஏற்றாதீர்கள், வரம்பு மீறினால் அபராதம் 20,000 ரூபாயும், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும்.

வாலாஜா லாரிக்காரர்:
இருவருக்கும் நன்றி. இன்று தரகர் ஒருவர் மாதம் ஏழெட்டு நடைக்கு 38 டன் தருவதாகச் சொல்கிறார்.

ஆம்பூர் பட்டறை:
அப்படியானால் மொத்தம் 53 டன் ஆகிறது, 250 எஞ்சினில் டன்னுக்கு 4.7 குதிரைத்திறன்தான் மிஞ்சும். எழுத்தில் ஒப்பந்தம் தந்தால் 300 எடுங்கள். வாய்ச்சொல் மட்டும் என்றால், 250 வண்டியை முதலில் எடைமேடையில் ஏற்றி வெறும் எடை நான் வைத்த 15 டன்தானா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.