கல்லும் செடியும் எங்களை ஏமாற்றிய கதைகள்

பூனை எங்கே கறை பண்ணியிருக்கிறது என்று தேடத்தான் அந்தப் புற ஊதா டார்ச்சை வாங்கினேன். ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அறையெல்லாம் அடித்துக்கொண்டு வந்தால், அம்மா கழற்றி வைத்திருந்த மாணிக்க மோதிரம் நெருப்புக் கங்கு மாதிரி எரிகிறது! பயந்தே போனேன். அப்புறம் படித்தபோதுதான் தெரிந்தது, கல்லில் துளியளவு இருக்கும் குரோமியத்தின் வேலை அது. கண்ணுக்குத் தெரியாத கதிரை வாங்கிக்கொண்டு சிவப்பு ஒளியாகத் திருப்பித் தருகிறது. 1960-இல் தியோடர் மைமன் உருவாக்கிய உலகின் முதல் லேசரும் ஒரு செயற்கை மாணிக்கத் தண்டில்தான் பிறந்தது.

எனக்கு இன்னும் ஆறாத ஆச்சரியம் வேறு. மாணிக்கமும் நீலமும் ஒரே கல்லாம்! இரண்டுமே குருந்தம், அதாவது அலுமினியம் ஆக்சைடு. சுத்தமாக இருந்தால் நிறமே கிடையாது. குரோமியம் கலந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். அதே குரோமியம் மரகதத்துக்குள் புகுந்தால் பச்சை.

*

மேலே மோதிரக் கதை எழுதியவருக்கு: ஒளிர்ந்தது, அதனால் அசல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அப்படி நம்பி அசடு வழிந்தவன் நான். என் மாணிக்கமும் ஜெகஜோதியாகத்தான் ஒளிர்ந்தது. பரிசோதித்தவர் உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, உள்ளே வளைவு வளைவாகக் கோடுகள் ஓடுகின்றன, இது ஆய்வகத்தில் வளர்ந்தது என்றார். இயற்கைக் கல்லில் அந்த வளர்ச்சிக் கோடுகள் நேராக இருக்குமாம். மாணிக்கம் மாதிரியே இருக்கும் சிவப்பு ஸ்பைனல் என்ற வேறொரு கல்லும் இப்படி ஒளிரும். பிரிட்டிஷ் மணிமுடியின் முன்னால் பதித்திருக்கும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' ஸ்பைனல்தான். ராஜாக்களே ஏமாந்திருக்கிறார்கள், நான் எம்மாத்திரம்.

*

என்னுடையது சின்னக் கதை. செவ்வந்திக்கல் கொத்து ஒன்றை அழகுக்காக ஜன்னலோரம் வைத்தேன். இரண்டு கோடை போனதும் ஊதா வெளிறிவிட்டது. வெயில் சிலவற்றின் நிறத்தைக் குடித்துவிடும் என்று யாருமே சொல்லவில்லை.

*

கல் விஷயத்தில் எனக்கு ஞானம் பூஜ்யம், செடி மட்டும்தான். தொட்டாற்சிணுங்கி ராத்திரியில் இலையை மூடிக்கொள்கிறதே, வெளிச்சம் போவதால்தானா என்று பார்க்கத் தொட்டியோடு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். மறுநாள் காலை திறந்தால், அந்தக் கும்மிருட்டிலேயே இலைகள் விரிந்திருந்தன. 1729-லேயே மேரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் இதைப் பார்த்திருக்கிறார். செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. தொட்டால் சுருங்குவது தனி வேலை. இலைக்காம்பின் அடியிலுள்ள சிறு புடைப்பில் ஒரு பக்கத்துச் செல்கள் சட்டென்று நீரை விட்டுத் தளர்ந்துபோகின்றன.

மேலே செவ்வந்திக்கல் பற்றி எழுதியவருக்கு: காலியான அந்த ஜன்னலில் ஒரு தொட்டாற்சிணுங்கி வையுங்கள். அதற்கு வெயில் எவ்வளவு இருந்தாலும் சந்தோஷம்தான்.

*

மோதிரக்காரன் மறுபடியும். வளைவுக் கோடு சமாசாரத்தைப் படித்துவிட்டு, கல்லைச் சோதிக்கக் கொடுக்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "ஒளிர்ந்துச்சில்ல? போதும், மோதிரத்தைக் கொடு" என்று வாங்கி விரலில் போட்டுக்கொண்டுவிட்டார்.