க்ரூகரில் வறட்சி வந்தால் விலங்குகளுக்குத் தண்ணீர் வைக்க வேண்டுமா?

வெருலம் வாசகர்:
நம் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் ஆழ்துளைக் கிணறுகளால் நிரப்பப்பட்ட நீர்நிலைகளில் பாதிக்கு மேல் மூடப்பட்டுவிட்டன என்பதை என் மனம் ஏற்கவில்லை. 1904 முதல் உள்ள பதிவுகளில் நம் நாட்டில் மிகக் குறைந்த மழை பெய்த ஆண்டு 2015. ஹேசல்மியர் அணை வற்றத் தொடங்கி, எங்கள் ஊரில் தண்ணீரை முறை வைத்து விட்ட நாள்களை நான் மறக்கவில்லை. காவடி எடுத்து வருவோருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் நாம், வாயில்லா உயிர்களின் கிணற்றை அடைக்கலாமா? அடுத்த வறட்சிக்கு முன் அத்தனையையும் திறக்க வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியை:
ஐயா, தங்கள் இரக்கத்தை மதிக்கிறேன். ஆனால் கொடிய வறட்சியில் அங்கே பெரும்பாலான விலங்குகள் தாகத்தால் சாவதில்லை, மேய்ச்சலின்றிச் சாகின்றன. நீர்யானை பகலில் மடுவில் கிடந்து, இரவில் கரையேறிப் புல் மேய்வது. 2016இல் மடுவில் நீர் இருந்தும், நடந்து போய்த் திரும்பும் தொலைவுக்குள் புல் இல்லாததால் அவை எலும்பும் தோலுமாயின. நீர்யானைகளும் எருமைகளுமாகச் சுமார் 350ஐக் கொன்று, இறைச்சியை அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு வழங்கப் பூங்கா முடிவெடுத்தது.

தண்ணீரில்லாத வட்டாரத்தில் மிஞ்சி நிற்கும் புல்தான் பஞ்ச காலத்துக்கான குதிர். எங்கும் தண்ணீர் வைத்தால், நல்ல ஆண்டிலேயே அந்தக் குதிர் காலியாகிவிடும். அருகிலுள்ள க்ளாசேரி காப்பகத்தில் நீர்நிலைகள் நெருக்கமாக இருந்தன. 1982–83 வறட்சியில் அங்கே ஏற்பட்ட சாவு க்ரூகரில் ஏற்பட்டதைவிட மிகக் கடுமையானது.

இன்னொன்றும் உண்டு. பூங்காவின் வடபகுதியில் உயர்ந்த புல்வெளியை நம்பி வாழும் அரிய ரோன் மான்கள் 1986இல் ஏறத்தாழ 450 இருந்தன. செயற்கை நீர்நிலைகளை நாடி வரிக்குதிரைகள் அங்கே பெருக, அவற்றின் பின்னால் சிங்கங்களும் வந்தன. 1993இல் எஞ்சிய மான்கள் ஏறத்தாழ 45 மட்டுமே. நல்லெண்ணத்தோடு வைத்த தண்ணீர்தான் இதைச் செய்தது.

வெருலம் வாசகர்:
ரோன் மான் கணக்கு என்னை வருத்துகிறது. ஆயினும், அம்மா, இயற்கை தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும் இடமல்ல அது. வறண்ட பருவத்தில் மேற்கு நோக்கி நடந்து, ஆறும் மேய்ச்சலும் இருந்த இடங்களை அடைந்த வில்டபீஸ்ட் மான்களை 1960களில் எழுந்த மேற்கு வேலி மறித்தது. வழியை அடைத்தவர் மனிதர் என்றால், வழியில் தண்ணீர் வைக்கும் கடனும் அவருடையதே.

சாட்ஸ்வொர்த் வாசகர்:
வேலியைப் பற்றி ஐயா சொல்வது சரி. தனியார் காப்பகங்களை ஒட்டிய வேலி 1990களில் அகற்றப்பட்டாலும், ஊர்களை ஒட்டிய வேலி நிற்கத்தான் செய்கிறது. ஆனால் மரங்களையும் பாருங்கள். ஆண்டு முழுவதும் தண்ணீர் கிடைக்குமிடத்தில் யானைகள் அகலாமல் தங்குகின்றன. மரூலா மரங்களைச் சாய்க்கின்றன, பட்டையை உரித்துத் தின்கின்றன. முதிர்ந்த ஒரு மரம் போனால், அதில் கூடு கட்டும் கழுகுக்கு அடுத்த மரத்தை யார் தருவது?

நாம் கிணற்றையே பேசுகிறோம், ஆற்றை மறந்துவிட்டோம். க்ரூகருக்குள் ஓடும் பெரிய ஆறுகள் மேற்கே, பூங்காவுக்கு வெளியே பிறக்கின்றன. அங்கே சுரங்கங்களும் பாசனப் பண்ணைகளும், நீரை வாரிக் குடிக்கும் பைன், யூகலிப்டஸ் தோட்டங்களும் உள்ளன. 2005இல் ஒலிஃபாண்ட்ஸ் ஆற்றின் ஓட்டமே நின்றது. மக்களின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் உயிர்வாழ்வுக்கும் ஒரு பங்கை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றவர்க்கு நீர் தர வேண்டும் என்று 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம் சொல்கிறது. நம் கோரிக்கை அந்தப் பங்குக்காக எழ வேண்டும்.

வெருலம் வாசகர்:
ஆற்றின் பங்கைக் கேட்பதில் உங்களோடு நிற்கிறேன். எல்லாக் கிணறுகளையும் திறக்கச் சொன்னதையும் விலக்கிக்கொள்கிறேன். ஆனால் மேல்நிலத்துப் பண்ணைக்காரர் மனம் மாறும்வரை வேலியோரத்து எருமை காத்திருக்காது. அங்கே மட்டும், மழை வரும்வரை, தண்ணீர் வைக்கத்தான் வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியை:
மழை வந்தவுடன் அடைத்துவிடுவார்கள் என்றால் எனக்கு மறுப்பில்லை. 1930களிலிருந்து ஒவ்வொரு வறட்சிக்கும் சில என்று தோண்டியவைதாம் 300க்கு மேல் பெருகின. எந்த மாதத்தில், யார் பொறுப்பில் அடைப்பது என்பதைத் திறப்பதற்கு முன்பே எழுதி வைக்கட்டும்.