பௌலிங் மெஷின் பிள்ளைகளின் கண்ணைக் கெடுக்கிறதா?

ஆஃப்ஸ்டம்ப்:
ஆறு வருடமாகச் சிறு பிள்ளைகளுக்கு பேட்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். போன சீசனில் ஒரு பையன், ஆளில்லாமல் பந்தைத் தானே எறியும் பௌலிங் மெஷினில் 120 கிலோமீட்டர் வேகத்தைச் சர்வ சாதாரணமாக ஆடுவான். மேட்ச்சில் 100-ஐக்கூடத் தொடாத பௌலர்களிடம் மூன்று முறை போல்ட் ஆனான். பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. மற்றப் பிள்ளைகளின் கால், பந்து கையை விடும்போதே அசையத் தயாராகிவிடுகிறது. இவன் பந்து பாதி தூரம் வந்த பிறகுதான் விழித்துக்கொள்கிறான். மெஷினில் அப்படித்தானே பழகினான்? அங்கே பார்ப்பதற்குப் பந்து வெளியே வரும் ஓர் ஓட்டை மட்டும்தான் இருக்கிறது. ஓடி வரும் ஆள் இல்லை, தோள் இல்லை, மணிக்கட்டு இல்லை. பிள்ளைகளின் வாராந்தரப் பயிற்சியிலிருந்து மெஷினை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

நெட்ஸ்வாசி:
ஒரு பையன் தவறியதற்கு மெஷினைக் குற்றம் சொன்னால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். எனக்கு ஷார்ட் பால், அதாவது தள்ளிக் குத்தி மேலே எழும்பி வரும் பந்து என்றால் உடம்பு நடுங்கும். நெஞ்சுயரப் பந்தை ஒரே இடத்தில் நூறு தடவை எந்த பௌலர் போட்டுத்தருவார்? அவர் தோள் என்னாகும்? மெஷின் போட்டது, நான் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்று. 2000-இல் மைக்கேல் லாண்ட், பீட்டர் மெக்லியோட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பேட்ஸ்மேன்களின் கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். பந்து கிளம்பிய சற்று நேரத்தில் கண் அதை விட்டுவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவி நிற்கிறது. தேர்ந்த ஆட்டக்காரரின் கண் இன்னும் சீக்கிரமாகத் தாவியது. அந்தச் சோதனைக்குப் பந்து போட்டது பௌலிங் மெஷின்தான்! மெஷின் முன்னால் கண் செத்துவிடும் என்றால் இந்த வித்தியாசம் எப்படித் தெரிந்திருக்கும்?

ஆஃப்ஸ்டம்ப்:
நீங்கள் சொன்ன ஆய்வு உண்மை. ஆனால் அது பந்து கிளம்பிய பிறகு நடப்பதைப் பற்றியது. எனக்குக் கவலை அதற்கு முன்னால் நடப்பது.

140 கிலோமீட்டர் வேகப் பந்து கையை விட்டு மட்டைக்கு வர ஏறக்குறைய அரை நொடிதான். அதற்குள் பார்த்து, முடிவெடுத்து, காலை நகர்த்தி, மட்டையை இறக்க வேண்டும். அதனால்தான் நல்ல பேட்ஸ்மேன் பௌலரின் உடம்பிலிருந்தே படிக்க ஆரம்பிக்கிறார். பந்து கையை விடும் நொடியில் காட்சியை மறைத்துவிட்டு ‘என்ன பந்து?’ என்று கேட்கும் சோதனைகள் உண்டு. புரூஸ் அபர்னெத்தி போன்ற ஆய்வாளர்கள் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். தேர்ந்தவர்களுக்கு அந்த அரைகுறைக் காட்சியே போதுமானதாக இருந்தது, புதியவர்களுக்கு இல்லை.

பிண்டர், ரென்ஷா, டேவிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அதே இளம் ஆட்டக்காரர்களை மெஷினுக்கும் நிஜ பௌலருக்கும் ஆடவிட்டார்கள். அசைவுகளின் நேரக்கணக்கே மாறியது. அப்படியென்றால் இரண்டும் ஒரே பயிற்சி இல்லை.

உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் ‘அஃபார்டன்ஸ்’ என்ற சொல்லை உருவாக்கியது இதற்குத்தான். ஒரு பொருளோ சூழலோ நம் உடம்புக்கு எந்தச் செயலுக்கு இடம் கொடுக்கிறது என்பதையே நாம் பார்க்கிறோம் என்றார். பௌலரின் கை முன்கூட்டியே அசைய இடம் கொடுக்கிறது. ஓட்டை காத்திருக்க மட்டும்தான் இடம் கொடுக்கிறது.

நெட்ஸ்வாசி:
போடுகிறவர் பந்தை உயர்த்திக் காட்டிவிட்டுத்தானே மெஷினில் விடுகிறார்?

ஆஃப்ஸ்டம்ப்:
அது எப்போது வரும் என்று சொல்கிறது. எங்கே வரும் என்று சொல்வதில்லை.

உயரம்தாண்டி:
நான் தடகளக்காரன், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கருவி எப்போதும் எதையோ பறிக்கிறது என்ற தொனி எனக்கு ஒப்பவில்லை. உயரம் தாண்டுகிறவர்கள் மணலிலும் மரத்தூளிலும் விழுந்த காலத்தில் முதுகு கீழாக விழுவதை நினைத்துப் பார்க்க முடியுமா? கழுத்து முறியும். தடித்த நுரை மெத்தை வந்தது. டிக் ஃபாஸ்பரி முதுகைக் காட்டிக் கம்பியைத் தாண்டி, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டருக்குத் தங்கம் வாங்கினார். கம்பி அதே கம்பி, கால் அதே கால். மெத்தை இடம் கொடுத்ததால் புது உத்தியே பிறந்தது. இன்று எங்கள் மைதானத்தில் வேறு முறையில் தாண்டுகிற பிள்ளையை நான் பார்த்ததே இல்லை.

நெட்ஸ்வாசி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பேஸ்பாலில் ராப் கிரே என்ற ஆய்வாளர் 2017-இல் வெளியிட்ட மெய்நிகர் பயிற்சி (கணினி உருவாக்கிய பந்தை அடித்துப் பழகுவது) ஆய்வையும் பாருங்கள். ஆட்டக்காரரின் திறமைக்கு ஏற்ப கடினம் கூடிக்கொண்டே போன மெய்நிகர் பயிற்சி, கூடுதலாக நிஜப் பந்தை அடித்துப் பழகியதைவிட நல்ல பலன் தந்தது. அதுவும் நிஜ ஆட்டத்திலேயே.

ஆஃப்ஸ்டம்ப்:
மெத்தை உதாரணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த மெத்தை போட்டி நாளிலும் அங்கேயே கிடக்கிறது! மெஷின் மேட்ச்சுக்கு வராது. இரண்டையும் எப்படி ஒரே தட்டில் வைப்பது?

கிரேயின் ஆய்வை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே கருவியில் சும்மா அதிகப் பந்து அடித்த இன்னொரு குழுவும் இருந்தது. அவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. கருவியைவிட, அதில் என்ன வைக்கிறோம் என்பது முக்கியமாகிறது. நம் மெஷினில் எதை வைக்கிறோம்? வேகத்தை மட்டும்.

தாமதக்கண்:
நானும் ஒரு வார்த்தை சொல்கிறேன். மட்டையில் சென்சார் மாட்டி, ஒவ்வொரு ஷாட்டுக்கும் அது செல்போனில் காட்டும் எண்ணைப் பார்த்துப் பழகினேன். மூன்று மாதத்தில் எண் ஏறியது. அப்புறம் சென்சார் இல்லாமல் ஆடினால், நன்றாக அடித்தேனா என்று கைக்கே தெரியவில்லை. அடித்ததும் கண் செல்போனைத் தேடியது. ரொம்ப வருத்தமாக இருந்தது. பிறகுதான் படித்தேன்: சால்மோனி, ஷ்மிட், வால்டர் என்ற ஆய்வாளர்கள் 1984-லேயே இதை எச்சரித்திருக்கிறார்கள். முயற்சிக்கு முயற்சி முடிவைச் சொல்லிக்கொண்டே இருந்தால், கற்பவர் அதன்மேல் சாய்ந்துவிடுகிறார். இப்போது பத்து ஷாட்டுக்கு ஒரு முறை பார்க்கிறேன். பார்ப்பதற்கு முன் எண் எவ்வளவு இருக்கும் என்று நானே ஊகிக்கிறேன். கையின் உணர்வு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது.

நெட்ஸ்வாசி:
சரி, ஒரு யோசனை. நீளக் கைப்பிடியில் பந்தை வைத்து எறிகிற கருவி இருக்கிறதே, அதில் எறிபவரின் கை தெரிகிறது, தோளுக்கும் பாரம் குறைவு. பிள்ளைகளுக்கு அதையும் மெஷினையும் கலந்து கொடுங்களேன். ஷார்ட் பால் பயத்துக்கு மெஷின், கண்ணுக்கு எறிகருவி.

ஆஃப்ஸ்டம்ப்:
அதில் கை தெரியும், பந்தைப் பிடித்த மணிக்கட்டு தெரியாது. இருந்தாலும் ஓட்டையைவிட எவ்வளவோ மேல். ஷார்ட் பாலுக்கு மட்டும் மெஷின் என்பதை ஒப்புக்கொள்கிறேன், எடுத்தே விட வேண்டும் என்று சொன்னது அவசரம். அடுத்த இரண்டு மாதம் எறிகருவியில் பழக்கி, மேட்ச் வீடியோவில் முன்கால் எப்போது கிளம்புகிறது என்று எண்ணப்போகிறேன்.

நெட்ஸ்வாசி:
எண்ணும்போது, மெஷினில் மட்டும் பழகுகிற நாலைந்து பிள்ளைகளையும் தனியாக எண்ணுங்கள் சார். இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவீர்கள்?