தங்கச்சிக்கு 5 அரியர், டிகிரி முடிக்க முடியுமா?

கோத்தகிரி_அக்கா:
தங்கச்சி ஊட்டில பிஎஸ்சி கெமிஸ்ட்ரி, இப்ப பைனல் இயர். அலைடு (துணைப்பாடம்) மேத்ஸ் ரெண்டும் பர்ஸ்ட் இயர்லயே போச்சு, அப்புறம் அலைடு பிசிக்ஸ் ஒண்ணு, மேஜர் ரெண்டு. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். போன நவம்பர்ல மழைக்கு ரோட்ல மண் சரிஞ்சு பஸ் வராம ஆப்சென்ட் ஆனதுதான் அதுல ஒரு பேப்பர். இனி போயி என்ன பண்ண, திருப்பூருக்கு வேலைக்கு போறேங்குறா. தேயிலை விலை இருக்கற இருப்புல அப்பாவும் சரின்னுட்டார். என்ன பண்ணலாம்?

மலைமுரசு:
அக்கா, நிறுத்த மட்டும் விடாதீங்க. ஆர்ட்ஸ் காலேஜ்ல அரியர் இருக்குன்னு பொதுவா பைனல் இயர் படிக்கறத தடுக்க மாட்டாங்க, அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் இல்லைன்னாதான் தலவலி. அதனால கிளாஸுக்கு போகட்டும், இந்த செமஸ்டர் பேப்பர்ல புதுசா அரியர் விழாம பாத்துக்கட்டும், அதான் முதல் வேல. நெறைய பேரு பழசையே படிச்சு புதுசுல கோட்ட விடுறாங்க. அப்புறம் எல்லா அரியருக்கும் பீஸ் கட்டிட்டு ஒண்ணும் படிக்காம போறது சுத்த வேஸ்ட், நவம்பர்ல ரெண்டு ஏப்ரல்ல ரெண்டுன்னு பிரிச்சு எழுத சொல்லுங்க. கவர்மெண்ட்டோட புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வருதுன்னா பீஸுக்கு அதுவே ஆகும்.

ஹால்டிக்கெட்_ராஜா:
இன்னொரு கொரோனா வந்து ஆல் பாஸ் போடுவாங்க, வெயிட் பண்ணுங்க சிஸ்டர் 😄

மலைமுரசு:
யோவ் சும்மா இருய்யா. 2020ல கொரோனா அப்ப கவர்மெண்ட் அரியருக்கு ஆல் பாஸ்னு அறிவிச்சுச்சு, அடுத்த வருஷமே ஹைகோர்ட்டு, எக்ஸாம் எழுதாம பாஸ் கிடையாதுன்னுருச்சு.

குன்னூர்_டீச்சர்:
நான் காலேஜ்ல பாடம் எடுக்கறேன்மா. தமிழ் மீடியம் புள்ளைங்களுக்கு கணக்கு தெரியாம போறதில்ல, கேள்வி புரியாம போயிடும். இங்கிலீஷ் மீடியமா இருந்தாலும் பரிச்சைய தாய்மொழில எழுத விடுங்கன்னு 2023 ஏப்ரல்லயே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) யூனிவர்சிட்டிகளுக்கு சொல்லிருக்கு, அவ பேப்பருக்கு அது உண்டான்னு டிபார்ட்மெண்ட்ல கேக்க சொல்லுங்க. கொஞ்ச மார்க்ல போன பேப்பர் இருந்தா, அடுத்த தடவ ரிசல்ட் வந்த ஒடனே விடைத்தாள் ஜெராக்ஸ் வாங்கி பாக்கணும், ரீவேல்யூவேஷன் கேக்கலாமா வேணாமான்னு அதுலயே தெரிஞ்சிடும், தேதி தாண்டுனா ஒண்ணும் பண்ண முடியாது. ரொம்ப தள்ளிப் போட்டாலும் கஷ்டம், சிலபஸ் மாறிட்டா பழைய சிலபஸ்ல எழுத கொஞ்ச காலம்தான் விடுவாங்க.

மழை விஷயம்: ஸ்கூலுக்கு லீவுன்னு நியூஸ் பாத்துட்டு வீட்ல இருந்துடாதீங்க, யூனிவர்சிட்டி எக்ஸாம் தள்ளிப்போனா தனியா அறிவிப்பு வரும். நம்ம கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்கு மழையும் நவம்பர் எக்ஸாமும் ஒண்ணாத்தான் வரும், அந்த நாள்ல ஊட்டில சொந்தக்காரங்க வீட்லயோ ஹாஸ்டல்லயோ தங்க வெச்சிடுங்க.

கோத்தகிரி_அக்கா:
ரொம்ப நன்றிங்க மேடம். ஊட்டில சித்தி வீடு இருக்கு, கேட்டுப் பாக்கறேன். எந்த பேப்பர் முதல்ல எழுதட்டும்?

குன்னூர்_டீச்சர்:
ஆப்சென்ட் ஆன பேப்பர். அதுக்கு ஏற்கனவே படிச்சிருப்பா இல்ல, ஈசியா வரும். கூட மேத்ஸ் ஒண்ணு, பழைய கொஸ்டின் பேப்பர் அஞ்சு வருஷத்துக்கு டிபார்ட்மெண்ட் லைப்ரரில கேளுங்க.