மக்பெத் குறிப்பு: சூனியக்காரியா, ஊழ்மகளா?

உப்புவெளி ரீச்சர்:
வணக்கம். உயர்தர நாடக வகுப்புக்குச் சேக்சுபியரின்ர மக்பெத் நாடகத்துக்குக் குறிப்பு அடிக்கிறன், வியாழன் போட்டோக்கொப்பிக்குக் குடுக்கோணும். அதில மக்பெத்துக்கு வரப்போறதைச் சொல்லுற மூண்டு பொம்பிளையளையும் போன வருசம் 'சூனியக்காரிகள்' எண்டு எழுதினன், அரைவாசிப் பிள்ளையள் 'மக்பெத்துக்குச் சூனியம் வைச்சுக் கொலை செய்ய வைச்சினம்' எண்டு விடை எழுதிட்டுதுகள். எங்கட பக்கம் சூனியமெண்டா ஒராள் காசு குடுத்து இன்னொராளுக்கு வைப்பிக்கிறதுதானே, பிள்ளையளில பிழை சொல்லேலாது. நாடகத்தில அவையள் நீ அரசனாவாய் எண்டு சொன்னதோட சரி, அரசனைக் கொலை செய்தது மக்பெத். மற்றது இவை, மக்பெத்தின்ர கூட்டாளி பாங்குவோவின்ர ஆவி, அந்தரத்தில தெரியிற கத்தி எல்லாத்துக்கும் ஒரு பொதுச்சொல்லும் வேணும். அமானுஷ்யமெண்டா ரீவி நாடகம் மாதிரிக் கிடக்கு.

கோணேசர் கோயிலடி ஐயா:
ஊழ்மகளிர் எண்டு போடுங்கோ பிள்ளை. நாடகத்தில அவையளுக்கு 'வியர்ட் சிஸ்டர்ஸ்' எண்டுதான் பேர், 'வியர்ட்' எண்ட சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில விதியெண்டுதான் பொருள், கதை எடுத்த ஹொலின்ஷெட்டின்ர வரலாற்றிலயும் அவை விதித் தெய்வங்கள்தான். ஊழ் எண்டா முதிர்ந்து விரியிறதும், 'இணரூழ்த்தும் நாறா மலர்' எண்டு குறளில வருது, மக்பெத்தின்ர ஆசையும் அப்பிடி விரிஞ்சதுதானே. பொதுச்சொல்லுக்கு 'இயற்கையிறந்தவை'. இறத்தலெண்டா கடத்தல். இங்க இந்துக் கல்லூரியில அதிபரா இருந்த விபுலாநந்த அடிகள் 1926இல மதங்க சூளாமணி எண்ட நூலில சேக்சுபியரை எங்கட நாடக மரபோட வைச்சுப் பாத்தவர், நாங்கள் ஒரு சொல்லுக்குப் பயப்பிடுறதோ?

கிண்ணியாத் தம்பி:
ஐயா, பிள்ளையள் இயற்கை செத்துப்போச்செண்டுதான் வாசிக்குங்கள். 'மீவியற்கை' வைப்பம், மீ எண்டா மேல.

நிலாவெளி அண்ணை:
'இ ஈ ஐ வழி யவ்வும்' எண்டு நன்னூல் சொல்லுது, அப்ப மீயியற்கை, வகரம் வராது. நான் கேட்டா அணங்கு எண்டுதான் சொல்லுவன். வருத்துற தெய்வத்துக்குச் சங்கத்தில அதுதான் பேர்.

கிண்ணியாத் தம்பி:
இப்ப அணங்கெண்டா வடிவான பொம்பிளை அண்ணை. அவையளுக்குத் தாடி இருக்கெண்டு பாங்குவோவே சொல்லுறான்.

உப்புவெளி ரீச்சர்:
ஐயா, ஊழ்மகளிர் எண்ட சொல் எனக்கும் விருப்பம், ஆனா அதில ஒரு கரைச்சல் இருக்கு. பாங்குவோவும் பக்கத்தில நிண்டு அதே வாக்கைக் கேட்டவன், அவன் கத்தி எடுக்கேல்ல. மக்பெத்தைக் கொலை செய்ய வைச்சது விதியோ அவன்ர மனமோ எண்டதுதான் நான் பிள்ளையளிட்டக் கேக்கிற கேள்வி, ஊழெண்டு பேர் வைச்சா விடையை நானே சொன்னதாப் போகும். சிலம்பில எல்லாம் முடிஞ்ச பிறகு மதுரைத் தெய்வம் மதுராபதி வந்து பழம்பிறப்புச் சொல்லுது, கண்ணகிக்குத் தெரிவெண்டு ஒண்டும் மிச்சமில்ல. இங்க கொலைக்கு முதலே சொல்லியாச்சு, பிறகு நடந்ததெல்லாம் மக்பெத்தின்ர கை. அதால 'குறிசொல்லிகள்', பொதுச்சொல் 'இயற்கை கடந்தவை'.

நிலாவெளி அண்ணை:
சரி, களைச்சுப் போனன், அதையே போடுங்கோ.

கிண்ணியாத் தம்பி:
நானும் ஓம்.

கோணேசர் கோயிலடி ஐயா:
எனக்குச் சம்மதமில்ல. குறவஞ்சியில குறத்தி நல்ல குறியெல்லோ சொல்லுறவள். இவையள் வரவழைச்ச உரு, பேர்ணம் காடு மலையேறி வருமட்டும் தோல்வியில்லை எண்டு சொல்லி, அவனை நம்பவைச்சுக் கழுத்தறுத்தது. குறிசொல்லி அப்பிடிச் செய்வாளோ? அடிக்குறிப்பிலயெண்டாலும் ஊழ்மகளிர் எண்டு ஒருக்காப் போட்டுவிடுங்கோ பிள்ளை.