விதியாக்கத்தில் எதை முதலில் எடுப்பது: ஒரு சொல் தேவை

உவர்மலையிலிருந்து:

வணக்கம். பொது நிருவாகம் பயிலும் மாணவர்களுக்கான விரிவுரைக் குறிப்பு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கிக் கொடுக்க வேண்டும். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு புதிய விதிகளுக்கு எப்படித் திட்டமிடுகிறது என்பது பொருள். கையிலுள்ள விதி முயற்சிகளை அது ஆண்டுதோறும் சீர்தூக்கி உயர்வு, நடுத்தரம், தாழ்வு என்று பிரிக்கிறது. பாதுகாப்புக்கு எவ்வளவு பயன், ஆணைக்குழு உறுப்பினர்கள் பணித்ததா, வெளியாரின் அக்கறை எத்தகையது என்பவை கணக்கில் வரும். ஆளும் பணமும் அதைப் பார்த்தே ஒதுக்கப்படும். 'ரூல்மேக்கிங்' என்பதற்கு விதியாக்கம் என்று வைத்துவிட்டேன். எது முந்தி, எது பிந்தி என்று தீர்மானிக்கும் 'பிரயோரிட்டைசேஷன்' என்ற இடத்தில் நிற்கிறேன். 'தரப்படுத்தல்' பொருந்துமா?

மூதூரிலிருந்து:

தங்கச்சி, தரப்படுத்தல் வேண்டவே வேண்டாம். இலங்கையில் 1970களின் பல்கலைக்கழக அனுமதிக் கொள்கையோடு அந்தச் சொல் நமக்கு ஒட்டிப்போய்விட்டது. வகுப்பில் உச்சரித்த உடனே அணு உலை மறந்து பேச்சு அங்கே போய்விடும். 'வரிசைப்படுத்தல்' போதும், எல்லாப் பிள்ளைகளுக்கும் விளங்கும். இன்னொன்று: நமது வர்த்தமானியில் 'ஒழுங்குவிதி' என்றுதான் வரும். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் இங்கேயும் தனி ஒழுங்குபடுத்தல் அமைப்பை உருவாக்கியிருக்கிறது. நாளை இந்தச் சொற்கள் நமக்கே தேவைப்படும்.

நிலாவெளியிலிருந்து:

வரிசை முன்பின்னை மட்டும் சொல்லும், எடை போடுவதைச் சொல்லாது. தொல்காப்பியர் தந்த 'நிரல்நிறை' என்ற இலக்கணச் சொல் கையில் இருக்கும்போது ஏன் அலைய வேண்டும்? நிரல் என்றால் ஒழுங்கு, நிறை என்றால் எடை. தராசைக் குறிக்கும் நிறைகோலும் அதே நிறையே. 'விதி நிரல்நிறை' என்று எழுதுங்கள். விதி என்ற சொல்லே எனக்கு உவப்பில்லை என்பதையும் பதிவுசெய்கிறேன். திருக்குறளின் ஊழ் அதிகாரத் தொடக்கத்தில் உரையாசிரியர் பரிமேலழகர் பால், முறை, நியதி, விதி எல்லாவற்றையும் ஊழோடு ஒரே பொருளில் வைக்கிறார். முறை என்று போட்டாலும் நியதி என்று போட்டாலும் ஊழ் வந்து நிற்கிறது. தமிழன் சட்டத்தையும் தலையெழுத்தையும் ஒரே வேரில் கண்டானா என்பது தனியே ஆராயத்தக்கது.

மூதூரிலிருந்து:

ஐயா, நிரல்நிறையில் எழுவாய்களின் வரிசைக்குப் பயனிலைகளின் வரிசை பொருந்துகிறது. அங்கே யாரும் எதையும் நிறுத்துப் பார்ப்பதில்லை. மேலும் நம் பிள்ளைகளுக்கு நிரை, நிரல் இரண்டும் கணிதப் பாடச் சொற்கள். அட்டவணை வரையத் தொடங்கிவிடுவார்கள்.

உவர்மலையிலிருந்து:

வரிசையில் எனக்கும் ஒரு தடை இருக்கிறது. ஃபுகுஷிமா விபத்து நடந்தது 2011 மார்ச்சில். அடுத்த மார்ச்சிலேயே அமெரிக்க ஆணைக்குழு அணு மின்நிலையங்களுக்குக் கட்டளைகள் பிறப்பித்தது. அவற்றை நிலைப்படுத்தும் பொது விதி 2019இல்தான் வந்தது. அதற்குள் அடிப்படை ஆய்வு, வரைவு, பொதுமக்கள் கருத்து, இறுதி வடிவம் என்று படிகள். அவசரமானது வரிசையில் காத்திருக்கவில்லை, கட்டளை என்ற வேறு வாசலால் போய்விட்டது. அந்த வாசல் திறந்தபின் விதிக்கு எவ்வளவு அவசரம் மிச்சம் என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும். 'வரிசைப்படுத்தல்' என்று படிக்கும் மாணவர் முதலில் வந்த மனு முதலில் எடுக்கப்படும் என்றே நினைப்பார். புதிய விதி கேட்டு யாரும் மனுக் கொடுக்கலாம் என்று குறிப்பில் இருப்பதால் இந்தக் குழப்பம் நிச்சயம் வரும்.

சென்னையிலிருந்து:

'முன்னுரிமையிடல்' என்று முடித்துவிடலாமே? ஆணைக்குழுவை 'ஆணையம்' என்றால் இன்னும் சுருக்கம்.

மூதூரிலிருந்து:

ஆணைக்குழு மாறாது. இங்கே அப்படித்தான் எழுதுகிறோம், வாசிக்கிறோம். முன்னுரிமையிடல் சரி.

உவர்மலையிலிருந்து:

நானும் ஏற்கிறேன். 'விதியாக்க முன்னுரிமையிடல்' என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் 'எடைபோட்டு முற்பிற்படுத்தல்' என்று விளக்கம் தருகிறேன். வியாழன் இரவு கோப்பை அனுப்பிவிடுவேன்.

நிலாவெளியிலிருந்து:

உரிமை மனிதருக்கு உரியது. எழுதப்படாத ஒரு விதிக்கு ஏது முன் உரிமை? பெரும்பான்மை முடிவை நான் தடுக்கவில்லை, ஏற்கவுமில்லை. நிறைகோலை விட்டுவிடாதீர்கள், 'நிறைமுறை' என்றாவது ஒரு தடவை வகுப்பில் சொல்லிப்பாருங்கள்.