திருவிழாவுக்குப் பெயின்ட் அடிக்குமுன்: பீடத்து எபிரேய எழுத்துகள்

ஒண்டிக்கடைவாசி:
பழைய கத்தோலிக்கத் தேவாலயப் பீடத்தின் உச்சியில் கதிர் சூழ்ந்த முக்கோணமும் உள்ளே நாலு எழுத்தும் இருந்தால் அது கடவுளின் பெயர்: யோத், ஹே, வாவ், ஹே. வலமிருந்து இடமாக வாசிக்கணும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க எபிரேயம் தெரிய வேண்டாம். இருப்பதிலேயே குட்டி எழுத்து யோத். மேலேயே நின்றுவிடும், அடிக்கோட்டைத் தொடாது. அது வலக்கோடியில் இருக்கணும். இடக்கோடியில் இருந்தால் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். இதே எழுத்துகள் ஜன்னலின் வண்ணக் கண்ணாடியில் இருந்தால், அதைக் கழற்றி மாட்டும்போது இது சாதாரணமாக நடக்கும். கண்ணாடியைத் தேவாலயத்துக்கு உள்ளே நின்று பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் எப்படியும் மாறித்தான் தெரியும்.

சூரமங்கலம்:
அதைவிடப் பெரிய சேதாரம் ஹே எழுத்தில்தான். மேலே படுக்கைக் கோடு, அதன் வலது முனையிலிருந்து இறங்கும் ஒரு கால், இடதுபக்கம் தனியாக நிற்கும் இன்னொரு கால். அந்த இடக்கால் மேல்கோட்டைத் தொடாது, சின்ன சந்து இருக்கும். பெயின்டர் கண்ணுக்கு அது உதிர்ந்த இடம். பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்துச் சேர்த்துவிட்டால் ஹேத் என்ற வேறு எழுத்தாகிவிடும். அதேபோல வாவின் கால் சுவருக்குப் பூசும் பட்டிக்குள் மறைந்து குட்டையானால் யோத் ஆகிவிடும்.

ஏற்காட்டு ஈரத்துக்குச் சுண்ணாம்புச் சுவர்மேல் எனாமல் அடிக்கவே கூடாது. உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பி, பொருக்குப் பொருக்காக உதிரும். பழைய பொன்பூச்சும் கூடவே வந்துவிடும். சுரண்டுவதற்கு முன் விளக்குகளை அணைத்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். பழைய கோடுகளின் மேடு பள்ளம் தெரியும். அளவுகோல் வைத்து நேராகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிரேசிங் தாளில் எடுத்தால் 'முன்பக்கம்', 'மேல்' என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.

செவ்வாய்பேட்டை டிடிபி:
ஸ்டென்சில் வெட்டக் கொடுப்பவர்கள் கவனிக்க. பழைய டிசைன் மென்பொருளில் எபிரேயத்தை ஒட்டினால் வரிசை திரும்பிவிடும். எழுத்தாகத் தராதீர்கள், படமாகத் தாருங்கள். வெட்டுமுன் ஒண்டிக்கடைவாசி சொன்ன யோத் சோதனையைச் செய்துவிடுங்கள்.

ஒண்டிக்கடைவாசி:
எபிரேயம் என்று பலர் படமெடுத்துப் போடும் ஐஎச்எஸ், இயேசு பெயரின் முதல் மூன்று கிரேக்க எழுத்து. சிலுவை மேலுள்ள ஐஎன்ஆர்ஐ, 'நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசர்' என்பதன் லத்தீன் சுருக்கம். அந்த வாசகத்துக்கு யோவான் நற்செய்தி 19:20 எபிரேயம், லத்தீன், கிரேக்கம் என மூன்று மொழியைச் சொன்னாலும், சுரூபம் (சிலை) செய்பவர்கள் பெரும்பாலும் லத்தீனோடு நிறுத்திக்கொள்வார்கள். முக்கோணத்துக்குள் கண் இருந்தால் உடனே ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தாரின் கதையை அவிழ்த்துவிடுகிறார்கள். கிறிஸ்தவ ஓவியத்தில் அது அவர்களுக்கு முன்பே உண்டு. ஆறுமுனை நட்சத்திரத்தை வைத்தும் யூதத் தொடர்பு பேச வேண்டாம். முருகன் கோயில்களிலும்தான் ஷட்கோணம் இருக்கிறது!

சூரமங்கலம்:
பக்கத்தில் விளக்கப் பலகை வைத்தால் நாலு எழுத்தின் பெயரையும் வாசிக்கும் திசையையும் போட்டால் போதும், உச்சரிப்பு வேண்டாம். யூதர்கள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. கத்தோலிக்க வழிபாட்டிலும் அதைச் சொல்லவோ பாடவோ கூடாதென்று 2008-இல் வத்திக்கான் அறிவுறுத்தியிருக்கிறது. பாடகர் குழுவுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.